ஒரு முழங்கால் மட்டும் கொள்ளும் நாடு

ஜனவரி 5, வெள்ளி

உபவாச ஜெபத்தில் இன்றைக்கு நாடு பிரித்தார்கள். நல்லாயன்விளைக் கோயிலில் மட்டும்தான் இந்த வழக்கம் என்று எங்கள் பாதிரியாரின் மனைவி ஐயரம்மாவுக்கு ஒரே பெருமை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஆளுக்கு ஒரு நாடு. சீட்டு எடுத்து, வருஷம் முழுக்க ஒவ்வொரு வெள்ளியும் அந்த நாட்டுக்காக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். அதுவும் எங்கேயாவது ஒரு மூலையில் உட்கார்ந்து அல்ல. சாத்தான்குளத்தில் கல்யாண பேனர் அடிக்கிற கடையில் உலகப் படத்தை ஹால் அகலத்துக்கு ஃபிளெக்ஸாக அடித்து வைத்திருக்கிறார்கள். அதை விரித்து அவரவர் நாட்டின் மேலேயே முழங்கால் போட வேண்டும். செலவு வேதமாணிக்கம் அண்ணாச்சியுடையது. ஆகையால் தென் துருவம் பூராவும் அவர் குடும்பத்தார் பெயரும் போட்டோவும். பனிக்கட்டிக்கு நடுவில் வெள்ளைச் சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

ஜெயபாக்கியத்துக்கு ரஷ்யா விழுந்தது. அவள் அதில் பாய் விரித்துப் படுக்கலாம். எனக்கு விழுந்தது —————. (பின்னால் எழுதுகிறேன்: இங்கே இருந்த பெயரை அடித்தது நான்தான். பார்க்கவே பிடிக்கவில்லை.) சுண்டைக்காய் அளவு நாடு. ஒரு முழங்கால்தான் கொள்ளும், மற்றது கடலில் கிடக்கும்.

"ஐயரம்மா, இதுல நான் எப்படி முட்டுக்குத்த? ஒரு கால் நாட்டுக்கு, ஒரு கால் மீனுக்கா?" என்று கேட்டேன்.

"மீனும் ஆண்டவர் படைச்சதுதானே பொன்சீலியக்கா" என்றார்கள். எல்லாவளும் சிரித்தாளுகள். மாற்றித் தரமாட்டார்களாம், விழுந்தது விழுந்ததுதானாம்.

பிப்ரவரி 16, வெள்ளி

வாரம் ஒரு செய்தி நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இவங்களிடம் போனில் தேடித் தரச் சொன்னேன். வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர், ரிட்டயர் ஆனபின் டிவி முன்னால்தான் வாசம். "ஒன் நாட்டுல என்னட்டி இருக்கு?" என்று முனகிக்கொண்டே தேடினார்கள். பார்த்தால் அங்கேயும் பனை இருக்கிறதாம்! ஏறி இறக்கிக் கருப்பட்டி மாதிரி ஒன்று காய்ச்சுகிறார்களாம். எனக்கு அப்படியே மனசு குளிர்ந்துபோயிற்று. ஹாலில் இதைச் சொன்னபோது ஜெயபாக்கியம் முகம் சுருங்கிவிட்டது. ரஷ்யாவில் பனையா இருக்கிறது? பனிதான் இருக்கிறது.

ஏப்ரல் 12, வெள்ளி

முட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டது. என் நாட்டுப் பிள்ளைகளின் பரீட்சைக்காக ஜெபித்தேன். அங்கே பரீட்சை எந்த மாசம் என்று தெரியாது. எப்போது எழுதினாலும் பாஸாகட்டும்.

ஜூன் 21, வெள்ளி

கிங்ஸ்லின் பேசினான். மகன் கப்பலில் ஃபிட்டராகப் போய் மூன்று வருஷம் ஆகிறது, இப்போதுதான் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுகிறான். அடுத்து எந்தத் துறைமுகம் என்று கேட்டேன்.

"எம்மா, ஒன் நாட்டுக்குத்தான் போறோம்" என்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஏல நெசமாவா? பனை நிக்கான்னு பாத்து போட்டோ எடுத்து அனுப்பு. அங்க உள்ள ஆட்கள்ட்ட எங்கம்மா ஒங்களுக்காக ஜெபம் பண்ணுதான்னு சொல்லு" என்றேன். "சரிம்மா, கப்பல்ல இருந்து இறங்குனதும் மைக் போட்டுச் சொல்லுதேன்" என்கிறான் பயல். கிண்டல்.

சாயங்காலம் ஹாலில் எல்லாரிடமும் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன் என்று ஜெயபாக்கியம் சொல்கிறாள். சொன்னால் என்ன? அவள் மகன் திசையன்விளைக்கு மேல் எங்கே போயிருக்கிறான்?

ஜூலை 18, வியாழன்

கப்பலைப் பிடித்துவிட்டார்கள்.

ஜூலை 20, சனி

நேற்று எழுத முடியவில்லை. தூத்துக்குடி ஏஜெண்ட் சொன்னதை இவங்க வந்து சொன்னார்கள். கப்பலில் கணக்கில் சொல்லாத சரக்கு ஏதோ இருந்ததாம். கப்பல் முதலாளி யாரென்றே தெரியவில்லை, ஓடி ஒளிந்துவிட்டான். கையில் அகப்பட்ட பிள்ளைகளைத் துறைமுகத்துக் காவல் கொட்டடியில் அடைத்துவிட்டார்கள். வழக்கு முடிய ஒரு வருஷம் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாமாம். என் பிள்ளை என்ன கடத்தினான்? மிஷின் ரூமில் கிரீஸும் கையுமாய்க் கிடந்தவனுக்கு மேலே என்ன ஏற்றினார்கள் என்று எப்படித் தெரியும்?

போன் கிடையாது. மாசம் ஒருதடவை தூதரகத்து ஆள் போய்ப் பார்ப்பாராம்.

ஜூலை 26, வெள்ளி

முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இந்த நாட்டின் அதிகாரிகளுக்கு நல்ல மனசைத் தாரும்" என்று ஜெபித்தேன். எல்லாரும் அழுதார்கள், நான் அழவில்லை. ஏழு மாசமாக இந்த நாட்டுக்கு மழை கேட்டேன், விளைச்சல் கேட்டேன், பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டேன். ஆண்டவர் கொடுக்காமலா இருந்திருப்பார்? எல்லாவற்றையும் வாங்கித் தின்றுவிட்டு என் பிள்ளையைப் பிடித்து அடைத்திருக்கிறது.

இவங்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் வயிறு சரியில்லாமல் போய்விடுகிறது. இன்றைக்கும் காலையிலிருந்து ஒன்றும் வேண்டாமாம். கேட்டால் வாயு என்கிறார்கள். பிள்ளைக்காக ஒரு நாளாவது கோயிலில் வந்து உட்காரக்கூடாதா? கல்நெஞ்சு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தூதரகத்து ஆள் சொன்னாராம்: பிள்ளை மெலிந்திருக்கிறான், காலில் புண். சீழ் வைத்திருக்கிறது, மருந்து கொடுக்கிறார்களாம். என்ன மருந்தோ? பெற்ற வயிறு பற்றி எரிகிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

என் முறை வந்தது. என்ன ஜெபிப்பது என்று வீட்டிலிருந்து போகும்போது யோசித்திருக்கவில்லை. முழங்கால் போட்டதும் வந்துவிட்டது.

"ஆண்டவரே, இந்த நாட்டுக்கு இரங்காதேயும். நான் கேட்ட மழையையும் விளைச்சலையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். என் பிள்ளையை அடைத்துவைத்திருக்கிற அந்தத் துறைமுகத்தை உம்முடைய கை தொடட்டும். அங்கே ஒரு தாயாவது நான் எரிகிற மாதிரி வயிறெரிந்து அழட்டும்."

"ஆமென்! ஸ்தோத்திரம்!" என்றார்கள் எல்லாரும். வரிக்கு வரி ஆமென் போட்டுப் பழகிய வாய், கேட்டுவிட்டா சொல்கிறது? அப்புறம்தான் ஒவ்வொருத்தியாய்த் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாளுகள். ஜெயபாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூட்டம் முடிந்ததும் ஐயரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "அக்கா, உங்க வேதனை எனக்குத் தெரியும். ஆனா ஆண்டவர் நம்ம கோபத்துக்கு வேலைக்காரர் இல்ல."

"ஒங்க பிள்ள மெட்ராஸ்ல காலேஜ்ல இருக்கான் ஐயரம்மா. ஒங்களுக்கு ஜெபம் வரும். எனக்கு இதுதான் வருது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த அம்மாள் முகம் செத்துப்போயிற்று. பாவம்தான். ஆனால் நான் சொன்னதில் என்ன தப்பு?

ஜனவரிப் பக்கத்தைத் திருப்பி அந்தப் பெயரை அடித்தேன். தாள் கிழிந்து அடுத்த பக்கம் வரைக்கும் மை இறங்கிவிட்டது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஜெபத்துக்குப் போகவில்லை. உளுந்து ஊறப் போட்டிருந்தேன், ஆட்ட வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலையில் கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. இவங்க முன்னறையிலிருந்து "ஏ பொன்சீலி" என்று கூப்பிட்டார்கள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. மாவுக்கையோடு ஓடினேன்.

டிவியில் அந்த நாடு. புயல். கடல் ஏறி ஊருக்குள் வந்துவிட்டதாம். பனைமரங்கள் அப்படியே மடங்கிக் கிடந்தன. துறைமுகத்தைக் காட்டினார்கள், கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. நூற்றுக்கணக்கில் செத்திருக்கலாம் என்றார்கள்.

உம்முடைய கை தொடட்டும் என்று கேட்டேன். தொட்டுவிட்டது. என் பிள்ளை அதற்குள்தானே இருக்கிறான்! பாவி, கேட்கும்போது அது என் புத்தியில் ஏறவில்லையே. வீட்டுக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு கூரைக்குக் கொள்ளி வைக்கிறவள் உண்டா? நான் வைத்தேன்.

கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இவங்கதான் போய் அணைத்தார்கள்.

ஆகஸ்ட் 24, சனி

ஏஜெண்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. தூதரகத்துக்கு லைன் கிடைக்கவில்லை. இவங்க விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துத் தூத்துக்குடி போனால் இருட்டித்தான் வருகிறார்கள்.

மத்தியானம் சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தாளுகள். ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள் என்று நினைத்தேன். காப்பி குடித்து முடித்ததும் ஒருத்தி மெதுவாக ஆரம்பித்தாள்.

"யக்கா, நாங்க அன்னைக்கு கவனிக்கல. பழக்கதோசத்துல ஆமென் சொல்லிட்டோம். அது எங்க தலையில வந்துருமோ?"

"வந்தா வரட்டும்ட்டீ" என்று கத்தினேன். "எம் பிள்ள கெடந்து தண்ணியில மெதக்கானா இல்லியான்னு தெரியல. ஒங்களுக்கு ஒங்க ஆமெனைத் திரும்பத் தரணுமோ? எடுத்துட்டுப் போங்கட்டீ, வீட்டுல எங்கனயாவது கெடக்கும், தேடி எடுத்துட்டுப் போங்க!"

ஓடிவிட்டாளுகள். தம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மணி அடித்தபோது கதவைச் சாத்திக்கொண்டேன். ஆராதனை முடிந்து ஐயரம்மா வந்தார்கள். நான் அன்றைக்கு அப்படிப் பேசியும் வந்தார்கள்.

"அந்தப் புயல் நான் கேட்டது" என்றேன்.

"அக்கா, நீங்க ஒருதடவை கோபத்துல சொன்னதுக்குப் புயல் வரும்னா, ஏழு மாசம் ஆசீர்வாதம் கேட்டீங்களே, அது எங்க போச்சு? உங்க கெட்ட ஜெபத்துக்கு மட்டும்தான் ஆண்டவருக்குக் காது உண்டா?"

அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் ஆறுதலும் வரவில்லை. நல்லதைக் கேட்டபோது ஒப்புக்குக் கேட்டேன், கெட்டதைக் கேட்டபோதுதான் முழு மனசோடு கேட்டேன். ஆண்டவருக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பத்து மணிக்குக் கோயில் ஹாலுக்குப் போனேன். படத்தைச் சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தார்கள். பாரம். ஒற்றை ஆளாய்ச் சாய்க்கப் பார்த்தேன், என் மேலேயே விழப் பார்த்தது. யாரோ மறுமுனையைப் பிடித்தார்கள். திரும்பினால் ஜெயபாக்கியம்.

"வரும்போதே பாத்தேன் யக்கா. பின்னாலயே வந்தேன்" என்றாள்.

இரண்டு பேருமாக விரித்தோம். நான் போய் அந்த நாட்டின் மேல் முழங்கால் போட்டேன். அவள் ரஷ்யாவுக்குப் போவாள் என்று பார்த்தேன். போகவில்லை, என் பக்கத்தில் வந்து கடலில் முட்டுக்குத்தினாள்.

"நீ சொல்லுக்கா. நான் இந்தத் தடவ கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

என்ன சொல்வது? "என் பிள்ளையைக் காப்பாற்றும்" என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளை? "நான் கேட்டதை மறந்துவிடும்" என்றால் செத்தவர்கள் எழும்பி வருவார்களா? வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஜெயபாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சொரசொரவென்று இருந்தது, பீடி சுற்றுகிற கை. இருபது வருஷமாக இவளை எதற்கு மட்டம் தட்டிக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். ஒரு காரணமும் அகப்படவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

உயிரோடு இருக்கிறான்! இவங்க தூத்துக்குடியிலிருந்து போன் பண்ணினார்கள். "இருக்கான்ட்டி, இருக்கான், இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வேறு வார்த்தை வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று வாய்விட்டு அழுகிறார்கள். சுற்றிலும் ஆட்கள் சத்தம் கேட்டது.

கொட்டடிப் பிள்ளைகள் அத்தனை பேரும் தப்பிவிட்டார்களாம். அங்கே கோர்ட்டும் கோப்பும் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டதால் வழக்கைக் கைவிட்டு அனுப்பப் போகிறார்கள்.

நாளைக்கு வெள்ளி. இவங்களுக்கு வயிற்றுக்கு ஆகிற மாதிரி கஞ்சி வைக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், நாளைக்கு ஒரு நாள் இருந்துக்கிடுதேன்" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயுவாவது ஒன்றாவது! பிள்ளைக்காக உபவாசம் இருந்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வெள்ளிக்கிழமையே பிள்ளை வந்துவிட்டான். எலும்பும் தோலுமாய். காலில் தழும்பு. வந்ததிலிருந்து சாப்பாடும் தூக்கமும்தான். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, ஆட்டுக்கால் சூப்பு, என்ன வைத்தாலும் தின்கிறான். பேச்சில்லை.

இன்றைக்குக் கோயில் வாசலில் ஒரே கூட்டம். "பொன்சீலியக்கா ஜெபத்தைக் கேட்டாரே ஆண்டவர்!" என்று கட்டிப்பிடிக்கிறாளுகள், ஆமெனைத் திரும்பக் கேட்டு வந்தவளுகள்தான். அடுத்த ஞாயிறு சாட்சி சொல்ல வேண்டுமாம், ஸ்தோத்திரக் காணிக்கை படைக்க வேண்டுமாம். எந்த ஜெபத்தைக் கேட்டார் என்று சாட்சி சொல்வேன்? நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஜெயபாக்கியம் மட்டும் தூரத்தில் நின்றுகொண்டு தலையை அசைத்தாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

இன்றைக்குக் கிங்ஸ்லின் பேசினான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவனும் ஒரு கட்டுக் கீரையை எடுத்துக்கொண்டான்.

"எம்மா, அங்க லீனோன்னு ஒரு காவக்காரன். என் வயசுதான். அரைகுறை இங்கிலீஷ்ல பேசிக்கிடுவோம். எங்கம்மா ஜனவரியில இருந்து வெள்ளிதோறும் ஒன் நாட்டுப் படத்து மேல முட்டுக்குத்தி ஜெபம் பண்ணுதான்னு சொன்னேன். மொதல்ல சிரிச்சான். அப்புறம் வீட்டுல போய் அவங்கம்மாட்ட சொல்லியிருக்கான். அந்த அம்மா அந்த நாள்ல இருந்து எனக்குக் கெழங்கு அவிச்சுக் குடுத்துவிடுவாங்க. கால் புண்ணுக்குப் பச்சில அரைச்சுக் குடுத்துவிட்டதும் அவங்கதான்."

நான் இன்னொரு கட்டைப் பிரித்தேன்.

"புயல் அன்னைக்கு எல்லா காவக்காரனும் ஓடிட்டான். லீனோவும் போயிட்டான். தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்துட்டு. திடீர்னு பாத்தா சாவிய வாயில கவ்விக்கிட்டு நீந்தி வாரான். ஒவ்வொரு கதவா தொறந்தான். 'நீ ஏண்டா திரும்பி வந்த'ன்னு கேட்டேன். 'எங்கம்மா அனுப்புனாங்க. நமக்காக ஜெபம் பண்ணுற பொம்பளையோட பிள்ளைய விட்டுட்டா வந்தன்னு கேட்டாங்க'ன்னான். கடைசிக் கதவைத் தொறக்கும்போது அவன் மேல செவர் சரிஞ்சுட்டும்மா."

கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டான். ஒரு தாயாவது எரியட்டும் என்றேன். அதுவும் அந்தத் தாய். என் பிள்ளைக்குக் கிழங்கு அவித்துக் கொடுத்தவள்.

சாயங்காலம் லீனோ வீட்டாரோடு பேச வேண்டும் என்றான். லீனோவின் தங்கச்சி நர்சுக்குப் படிக்கிறது, அதற்கு இங்கிலீஷ் தெரியும். போனில் முகம் தெரிந்தது. கறுப்பு உடுத்திய ஒரு பெண்பிள்ளை, பக்கத்தில் அந்த அம்மா. என்னை விடச் சின்னவர்களாகத்தான் இருப்பார்கள். கண் இடுங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து என்னவோ சொன்னார்கள். மகள் கிங்ஸ்லினிடம் சொல்ல, அவன் என்னிடம் சொன்னான்.

"ஒன் ஜெபத்தாலதான் அவங்க பிள்ள பயந்து ஓடினவனா சாகாம, நல்லவனா செத்தானாம். ஒனக்கு நன்றி சொல்லுதாங்கம்மா."

இவங்க பின்னால் நின்றுகொண்டு என் தோளைப் பிடித்தார்கள். நான் சொன்னேன்: "என்னைய மன்னிக்கச் சொல்லு."

"எதுக்கும்மா?"

பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவேண்டி வந்தது. ஆகஸ்ட் மாசம் என்ன கேட்டேன் என்று ஒரு வார்த்தை மறைக்காமல் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சொல்லமாட்டான் என்று நினைத்தேன். பிறகு போனைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னான். ரொம்ப நேரம் சொன்னான்.

அந்தப் பெண் கேட்டு முடித்துவிட்டு என்னையே பார்த்தது. கண் கொட்டவில்லை. தாய் அதன் கையைத் தட்டி, என்ன, என்ன என்று கேட்டார்கள். அது தாயிடம் திரும்பி இரண்டே இரண்டு வார்த்தை சொன்னது. அவன் அத்தனை நேரம் சொன்னது இரண்டு வார்த்தைக்குள் கொள்ளுமா?

அந்த அம்மா தலையாட்டினார்கள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் மறுபடியும் என்னவோ சொன்னார்கள். மகள் அதை இங்கிலீஷில் சொல்ல, கிங்ஸ்லின் என் பக்கம் திரும்பினான்.

"வெள்ளிக்கிழமைய மட்டும் விட்டுராதீங்கன்னு கேக்காங்கம்மா. இப்பத்தான் ரொம்ப வேணுமாம்."

"விடமாட்டேன்னு சொல்லு மக்கா" என்றேன்.